ஃபைபர் கூரை வேனில் விஎச்எஃப் ஆன்டெனா: கிரவுண்ட் பிளேனுக்கு என்ன செய்வது?

#1 நெடும்பயணி

எல்லோருக்கும் வணக்கம். என் வேனின் கூரை ஃபைபர்கிளாஸ். உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று இரும்புக் கூரையை எடுத்துவிட்டு உயரமாக வைத்தது. அதன்மேல் ஹாம் ரேடியோவின் விஎச்எஃப் அலைவரிசையான 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு கால் அலை ஆன்டெனா (அலைநீளத்தில் கால் பங்கு நீளக் கம்பி) வைத்திருக்கிறேன். அடியில் காந்தம் உள்ள மவுண்ட். காந்தம் ஒட்டுவதற்காக 15 செ.மீ. விட்டமுள்ள வட்டமான இரும்புத் தகட்டைக் கூரைமேல் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்.

எஸ்டபிள்யூஆர் (அனுப்பும் சக்தி ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்பதற்கான அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 3க்கு மேல் நிற்கிறது. கோஆக்ஸ் கேபிளைக் கையால் பிடித்தால் மீட்டர் முள் நகர்கிறது. பேசும்போது வண்டியின் ஸ்டீரியோவில் கரகரப்பு வேறு. தகட்டுக்கு எர்த் இல்லையோ என்று அதிலிருந்து சேசிஸுக்குப் பச்சை வயர் ஒன்று இழுத்தேன். மல்டிமீட்டரில் 0.2 ஓம்தான் காட்டுகிறது, இணைப்பு பக்கா. ஆனால் எஸ்டபிள்யூஆரில் ஒரு மாற்றமும் இல்லை. கூரையில் ஓட்டை போடாமல் இதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா?

#2 வான்கம்பி

நெடும்பயணி, அந்தப் பச்சை வயரைக் கழற்றிவிடலாம். அது ஏன் உதவவில்லை என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கால் அலை ஆன்டெனாவில் நாம் பார்க்கும் கம்பி பாதிதான். கேபிளின் நடுக்கம்பி வழியாக எவ்வளவு மின்னோட்டம் மேலே ஏறுகிறதோ, அதே அளவு, அதைச் சுற்றியுள்ள உலோக உறையான ஷீல்டின் உட்புறத்தில் எதிர்த்திசையில் ஓடியாக வேண்டும். மேலே இருக்கும் கம்பிக்கும் கீழே இருக்கும் உலோகத்துக்கும் நடுவில் உள்ள மின்புலம் அந்தச் சுற்றை மூடுகிறது. கூரை முழுவதும் இரும்பாக இருந்தால் மின்னோட்டம் அதன் மேற்பரப்பில் நாலாபுறமிருந்தும் அடிப்பகுதிக்கு வந்து ஷீல்டில் சேரும். அந்தக் கூரைதான் ஆன்டெனாவின் மற்ற பாதி, கிரவுண்ட் பிளேன் என்பது அதைத்தான்.

145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 207 செ.மீ. அதில் கால் பங்கு 50 செ.மீ. சொச்சம். கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது அவ்வளவு தூரத்துக்காவது உலோகம் வேண்டும். 15 செ.மீ. தகட்டில் மையத்திலிருந்து விளிம்புக்கு ஏழரை செ.மீ.தான். மின்னோட்டத்துக்கு அங்கே ஓட இடமே இல்லை. மிச்சமிருக்கும் ஒரே உலோகம் கேபிள் ஷீல்டின் வெளிப்புறம். அதில் இறங்கி வண்டிக்குள் வந்துவிடுகிறது. நீங்கள் கேபிளைப் பிடிக்கும்போது ஆன்டெனாவின் ஒரு பகுதியைத்தான் பிடிக்கிறீர்கள், அதனால் முள் நகர்கிறது. ஸ்டீரியோ கரகரப்புக்கும் அதுவே காரணம்.

இப்போது பச்சை வயர். மல்டிமீட்டர் காட்டும் 0.2 ஓம் பேட்டரி மின்னோட்டத்துக்கு உண்மை. ரேடியோ அலைக்கு வயரின் நீளம்தான் கணக்கு. நேராக ஓடும் மெல்லிய வயருக்கு மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் (மாறும் மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை) உண்டு. வெறும் 10 செ.மீ. வயரே 145 மெகாஹெர்ட்ஸில் 90 ஓம் அளவுக்குத் தடுக்கும். உங்கள் கூரையிலிருந்து சேசிஸ் வரை வயர் எப்படியும் ஒரு அலைநீளத்துக்குக் கிட்ட இருக்கும். அந்த நீளத்தில் அதை எர்த் என்று சொல்லவே முடியாது, அதுவும் தன்பாட்டுக்கு அலை வீசும் இன்னொரு கம்பி.

#3 மேட்டுக்குரல்

இவ்வளவு சிரமம் எதற்கு? அரை அலை ஆன்டெனா ஒன்று வாங்கி மாட்டுங்கள். அதற்குக் கிரவுண்ட் பிளேனே வேண்டாம் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். நான் மோட்டார் சைக்கிளில் அதைத்தான் வைத்திருக்கிறேன், நன்றாகவே பேச முடிகிறது.

#4 வான்கம்பி

மேட்டுக்குரல் சொல்வது நல்ல வழிதான், மோட்டார் சைக்கிளுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைப்பதும் கடினம். ஆனால் "வேண்டவே வேண்டாம்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அரை அலைக் கம்பியின் அடிமுனையில் மின்னழுத்தம் மிக அதிகம், மின்னோட்டம் மிகக் குறைவு. அதனால் திரும்பி ஓட வேண்டிய மின்னோட்டமும் குறைவு. குறைவுதான், பூஜ்யம் இல்லை. அந்தக் கொஞ்சமும் ஏதாவது உலோகத்தைத் தேடும், பெரும்பாலும் கேபிள் ஷீல்டைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆகவே அரை அலை வைத்தாலும் அதன் அடியிலேயே கேபிளில், ஷீல்டின் வெளிப்புற மின்னோட்டத்தைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் இரண்டு மூன்று மாட்டுவது அவசியம். விஎச்எஃப் என்றால் 43ஆம் எண் கலவை, எச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) என்றால் 31ஆம் எண் கலவை.

27 மெகாஹெர்ட்ஸ் சிபி ரேடியோவில் (பொதுமக்களுக்கான குறுந்தூர ரேடியோ) "கிரவுண்ட் பிளேன் வேண்டாத" வகை என்று விற்பதில் பல, குறிப்பிட்ட நீளக் கேபிளோடு சேர்ந்தே வரும். அந்தக் கேபிள்தான் அங்கே மற்ற பாதி. அதை வெட்டிக் குட்டையாக்கினால் டியூனிங் போய்விடும்.

இன்னொரு விஷயம், 5/8 அலையை அரை அலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 5/8 நீளமாக இருக்கிறதே, அதற்கும் கிரவுண்ட் பிளேன் வேண்டாம் என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மை நேர்மாறு. கால் அலையைவிட 3 டெசிபல் கூடுதல் என்று சொல்லும் கணக்கு, முடிவே இல்லாத உலோகத் தரை இருந்தால் வருவது. கார் கூரையில் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். ஃபைபர் கூரையில் அதை வைப்பதில் அர்த்தமே இல்லை.

#5 செப்புத்தாள்

ஓட்டை போடாமல் செய்ய முடியும். நான் சொல்வது ஃபைபர் கூரைக்கு மட்டும்.

கூரையின் உட்புறத்தில், உள்லைனிங்குக்கு மேலே, செப்புத் தாளோ அலுமினியத் தாளோ ஒட்டுங்கள். வெளியே தகடு இருக்கும் இடம்தான் மையம், அதிலிருந்து எல்லாப் பக்கமும் 50 செ.மீ.க்குக் குறையாமல். அதாவது ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். இடம் இருந்தால் இன்னும் பெரிதாகவே போடுங்கள்.

வெளித் தகட்டையும் உள் தாளையும் வயர் போட்டு இணைக்க வேண்டிய அவசியம் இல்லை. நடுவில் இருக்கும் ஃபைபர்கிளாஸே மின்தேக்கி ஆகிவிடும். கூரை 4 மி.மீ. தடிமன், தகடு 15 செ.மீ. விட்டம் என்றால் கணக்குப்படி 150 பிகோஃபாரட் வரும். 145 மெகாஹெர்ட்ஸில் அது 7 ஓம்தான். தாராளமாகப் போதும். காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் இருப்பது அதைவிட மெல்லிய படலம், அங்கே இன்னும் குறைவு. கூரை இரண்டு அடுக்காக, நடுவில் ஃபோம் வைத்து இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. அப்போது இடைவெளி பெரிதாகிவிடும், தகட்டையும் பெரிதாக்க வேண்டும்.

தாள் வாங்கும்போது கவனியுங்கள். ஒட்டும் நாடாவாக வரும் செப்புத் தாளில் பசை பெரும்பாலும் மின்கடத்தாது. ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினால் பார்க்க ஒரே தாள் போலத் தெரியும், மின்சாரத்துக்குத் தனித்தனிப் பட்டைகள். ஓரங்களைச் சில இடங்களில் சாலிடர் செய்துவிடுங்கள். அலுமினியத்தில் சாதாரண சாலிடர் பிடிக்காது, அதனால் எனக்குச் செப்பே பிடிக்கும். கொசுவலை போன்ற உலோக வலையும் நடக்கும், கண்கள் அலைநீளத்தோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் பெயிண்ட் அடித்த வலையில் கம்பிக்குக் கம்பி தொடர்பு இருக்காது, அது வேண்டாம்.

தாள் ஒட்டச் சோம்பலாக இருந்தால் நான்கு வயர், ஒவ்வொன்றும் 50 செ.மீ., பிளஸ் குறி போல. நடுவில் தகட்டுக்கு நேர் கீழே அதே அளவில் ஒரு செப்பு வட்டம் வைத்து அதில் நான்கையும் சாலிடர் செய்யுங்கள்.

#6 நெடும்பயணி

மிக்க நன்றி. நான்கு வயர் போதும் என்பது ஆச்சரியமாக இருக்கிறது. ஒலிபரப்பு நிலையங்களில் கோபுரத்தின் அடியில் நூற்றுக்கு மேல் வயர் புதைப்பார்கள் என்று படித்திருக்கிறேனே, அங்கே அத்தனை, இங்கே நான்கா?

#7 வான்கம்பி

நல்ல கேள்வி. 120 வயர் என்ற கணக்கு 1937இல் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் மூவரும் வெளியிட்ட அளவீடுகளிலிருந்து வந்தது. அங்கே வயர்கள் மண்ணில் புதைந்திருக்கின்றன, மண் மின்னோட்டத்தைத் தின்னும். வயர்களுக்கு நடுவே இடைவெளி விட்டால் மின்னோட்டம் அந்த இடைவெளியில் மண்ணுக்குள் போய்ச் சூடாகிவிடும். அதைத் தடுக்கத்தான் அத்தனை வயர். உங்கள் கூரையில் வயர்கள் காற்றில், தரையிலிருந்து ஒரு அலைநீளத்துக்கும் மேலே நிற்கின்றன. தின்ன அங்கே மண் இல்லை. நான்கு போதும்.

ஆனால் ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான்கு வயர் முழுக்கத் தட்டையாக இருந்தால் ஆன்டெனாவின் தடை இருபது சொச்சம் ஓம்தான் வரும். 50 ஓம் கேபிளோடு சேர்த்தால் எஸ்டபிள்யூஆர் 2க்கு அருகில் நிற்கும். பயப்பட வேண்டாம், 2இல் திரும்பி வருவது 11 சதவீதம்தான். வயர்களின் நுனியைக் கூரை வளைவோடு கீழ்நோக்கிச் சரியவிட்டால் எஸ்டபிள்யூஆர் இன்னும் இறங்கும். 45 டிகிரி சரிவில் தடை 50 ஓமுக்குக் கிட்ட வரும். முடிவில்லாத தட்டையான உலோகத்தில் 36 ஓம், அதாவது எஸ்டபிள்யூஆர் 1.4. நல்ல இரும்புக் கூரையின் நடுவில் வைத்தும் 1.4 காட்டுகிறது, ஏதோ கோளாறு என்று ஆன்டெனாவைத் திருகிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. அது கோளாறே இல்லை.

#8 மூன்றாம்கியர்

இந்த இழையில் நுழைவதற்கு மன்னிக்கவும், தொடர்புள்ள கேள்விதான். என்னுடையது முழு இரும்புக் கார். கூரையில் மூன்று காந்தம் வைத்த மவுண்டில் 7 மெகாஹெர்ட்ஸுக்கு 2.4 மீட்டர் கம்பி, அடியில் காயில். மேட்சிங் (ஆன்டெனாவின் தடையை 50 ஓமுக்கு மாற்றும் சுற்று) எதுவும் இல்லாமலே எஸ்டபிள்யூஆர் 1.2. கிரவுண்ட் பிளேன் அருமையாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆனால் யாருக்கும் என் குரல் பலமாகக் கேட்பதில்லை, மைக்கை உதட்டருகில் கொண்டுபோனால் சுரீர் என்கிறது.

#9 வான்கம்பி

நேர் எதிர் அர்த்தம், நண்பரே. எச்எஃப்பில் எஸ்டபிள்யூஆர் மீட்டரை நம்பிக் கிரவுண்ட் பிளேனை எடை போடக் கூடாது. ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சோதனைக்கு மாட்டும் தடையான டம்மி லோடும் 1.0 காட்டும், அதிலிருந்து ஒன்றும் வெளியே போகாது.

கணக்கைப் பாருங்கள். 7.1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 42 மீட்டர். 2.4 மீட்டர் கம்பி அதில் ஆறு சதவீதம்கூட இல்லை. அடியில் காயில் வைத்த இவ்வளவு குட்டையான கம்பியின் கதிர்வீச்சுத் தடை, அதாவது அலையாக வெளியேறும் சக்திக்குரிய பங்கு, ஏறத்தாழ 1.3 ஓம். மீட்டர் 1.2 காட்டுகிறது என்றால் மொத்தத் தடை 42 ஓமிலிருந்து 60 ஓமுக்குள் ஏதோ ஒன்று. 1.3 போக மீதியெல்லாம் எங்கே? காயிலிலும், காந்தத்தின் அடியிலும், சரியாக இணையாத பாடியிலும், தரை மண்ணிலும் சூடாகப் போகிறது. 100 வாட் கொடுத்தால் கம்பியிலிருந்து வெளியேறுவது 3 வாட்.

இழப்பைக் குறைத்து மொத்தத்தை 10 ஓமுக்குக் கொண்டுவந்தீர்கள் என்று வையுங்கள். அதே கம்பியிலிருந்து 13 வாட் வெளியேறும். நான்கு மடங்குக்கு மேல், அதாவது எதிர்முனையில் சிக்னல் பலத்தைக் காட்டும் மீட்டரில் ஒரு எஸ் புள்ளி. ஆனால் உங்கள் மீட்டர் என்ன காட்டும் தெரியுமா? 5! பலர் அந்த இடத்தில்தான் பயந்துபோய்ப் பழையபடி மாற்றிவிடுகிறார்கள். எஸ்டபிள்யூஆர் ஏறுகிறது என்றால் எச்எஃப்பில் அது நல்ல செய்தி. அதன்பிறகு ஆன்டெனாவின் அடியில், கம்பிக்கும் பாடிக்கும் நடுவில் சிறிய காயில் ஒன்றைப் போட்டுக் கம்பி நீளத்தைச் சற்றுச் சரிசெய்தால் 50 ஓமுக்கு வந்துவிடும்.

அடுத்து காந்தம். 9 செ.மீ. விட்டமுள்ள காந்த அடி, பெயிண்டும் படலமும் சேர்த்து 0.15 மி.மீ. இடைவெளி என்றால் கொள்ளளவு 1100 பிகோஃபாரட் அளவில் வரும். 145 மெகாஹெர்ட்ஸில் அது 1 ஓம், இல்லாத மாதிரிதான். 27இல் 5 ஓம். 7இல் 20 ஓமுக்கு மேல். 3.5இல் 40. மூன்று காந்தம் வைத்தால் மூன்றில் ஒன்றாகும், ஆனால் கீழே தடிமனான ரப்பர் உறை இருந்தால் அந்த லாபமும் போச்சு. ஆன்டெனாவின் கதிர்வீச்சுத் தடையோ 1.3 ஓம்! கூரைக்குப் போவதைவிடக் கேபிள் ஷீல்டின் வெளிப்புறமாக இறங்குவது மின்னோட்டத்துக்கு எளிதாகிவிடுகிறது. உதட்டில் சுரீர் என்பது அதுதான்.

#10 பட்டறைக்காரர்

வான்கம்பி ஐயா சொன்னதோடு வண்டிப் பக்கமிருந்து நானும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

கார் பாடி ஒரே இரும்பு என்று நினைக்கிறோம். பானெட் இரண்டு கீலில் நிற்கிறது, கீலில் பெயிண்டும் கிரீஸும். டிக்கி மூடியும் அப்படியே. சைலன்சர் குழாய் ரப்பரில் தொங்குகிறது, முன்முனையில் எஞ்சினோடு மட்டும் தொடர்பு. எஞ்சினே ரப்பர் மவுண்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. டி.சி.க்கு இவற்றுக்குத் தனி எர்த் வயர் உண்டு, ஆனால் அது நீளமான வயர். எச்எஃப்பில் வண்டி முழுவதும் வேண்டும் என்றால் இந்தத் துண்டுகளை எல்லாம் குட்டையான, அகலமான பட்டையால் பாடியோடு கட்ட வேண்டும். பானெட்டுக்கு இரண்டு கீல் பக்கமும், டிக்கிக்கு இரண்டு பக்கமும், சைலன்சருக்கு நடுவிலும் கடைசியிலும். சைலன்சரைக் கட்டினால் எஞ்சின் இரைச்சலும் ரிசீவரில் குறையும், அது தனி லாபம்.

7 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் 25 மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள்தான் ஓடுகிறது. அதனால் தடிமனுக்குப் பலன் இல்லை, அகலத்துக்குத்தான் பலன். தண்ணீர் படும் இடத்தில் பின்னல் பட்டை வேண்டாம், இழைகளுக்குள் பச்சை பிடித்துவிடும். வெள்ளீயம் பூசியதோ தட்டையான செப்புப் பட்டையோ நல்லது. போல்ட் இருக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிப் பளபள இரும்பு தெரிந்தபிறகு பல் வைத்த வாஷர் போட்டு முறுக்குங்கள். முறுக்கி முடித்ததும் மேலே துருத் தடுப்பு. இதைச் செய்யாமல் விட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் துரு அந்த இணைப்பைத் தின்றுவிடும், பழைய கதைதான்.

டிக்கி ஓரத்தில் கடிக்கும் மவுண்ட் வாங்குபவர்களும் இதைக் கவனியுங்கள். உள்பக்கம் சின்னத் திருகுகள் இருக்கும், அவை பெயிண்டைத் துளைத்து இரும்பைக் கடிக்க வேண்டும். அழகு கெடக் கூடாது என்று ரப்பர் துண்டு வைத்து முறுக்கினால் அது வெறும் கவ்விதான், கிரவுண்ட் இல்லை.

#11 மேட்டுக்குரல்

இடம் பற்றி யாரும் பேசவில்லையே. கூரை நடுவா, டிக்கியா, பம்பரா?

#12 வான்கம்பி

விஎச்எஃப் என்றால் கூரை நடுதான், யோசிக்கவே வேண்டாம். உயரமும் கிடைக்கிறது, எல்லாத் திசையிலும் சமமாகவும் போகிறது. உள்ளே இருப்பவர்களுக்கும் கம்பிக்கும் நடுவில் உலோகம் நிற்பதால் அவர்கள்மேல் படும் அலையும் குறைவு. ஓரத்தில் வைத்தால் எந்தப் பக்கம் உலோகம் அதிகமோ அந்தப் பக்கம் பலமாகப் போகும். பின் பம்பரின் இடது மூலையில் வைத்த ஆன்டெனா வலது முன்மூலையை நோக்கி நன்றாகப் பேசும், பின்பக்கம் சோர்ந்துவிடும். எச்எஃப் கம்பியைக் கூரை நடுவில் வைத்தால் பாலத்தில் இடிக்கும், அதனால் சமரசம்தான். ஆனால் கம்பியின் அடி எவ்வளவு மேலே, எவ்வளவு உலோகத்துக்கு நேர் மேலே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பம்பர் அருகே தாழ்வாக வைத்துக் கம்பியின் பாதி வண்டி உடம்பையே உரசிக்கொண்டு போகும்படி செய்யாதீர்கள்.

கூரை ரேக்கில் மாட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ரேக்கின் கால்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக், குறுக்குக் கம்பியில் பவுடர் பூச்சு. கீழே அழகான இரும்புக் கூரை இருந்தும் ஆன்டெனாவுக்கு அது தெரியாது. ரேக்கிலிருந்து கூரைக்குக் குட்டையான அகலப் பட்டை ஒன்றாவது போடுங்கள், இல்லையென்றால் அங்கே அரை அலைதான் சரி.

#13 பட்டறைக்காரர்

ஓட்டை போட்டு என்எம்ஓ மவுண்ட் (கூரை ஓட்டையில் திருகிப் பொருத்தும் வகை) வைக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால்: ஓட்டை 19 மி.மீ., உள்பக்கம் பெயிண்ட் சுரண்டியபிறகுதான் மவுண்ட். மின்தொடர்புக்கு அதைவிட நல்ல முறை இல்லை. ஆனால் கூரையின் இரு ஓரங்களிலும் திரை ஏர்பேக் படுத்திருக்கும். அதன் குறுக்கே, அதன் மேலே கேபிளைக் கொண்டுபோகவே கூடாது. உள்லைட்டைக் கழற்றி அந்த வழியாகப் பார்த்துவிட்டுத் துளையுங்கள். புது வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் முனையில் ஒரு சென்சார் இருக்கும், ரேடியோவின் மைனஸை நேராக அந்த முனையில் போடாமல், பேட்டரி கேபிள் பாடியில் சேரும் இடத்தில் போடுங்கள்.

#14 நெடும்பயணி

தாள் ஒட்டி முடித்தேன். கூரை ஒற்றை அடுக்குதான், ஃபோம் இல்லை. 110 செ.மீ. அகலம், 150 செ.மீ. நீளம், ஓரங்களை எல்லாம் சாலிடர் செய்து, இரு பக்கமும் கூரையின் வளைவோடு கீழே இறக்கிவிட்டேன். பச்சை வயர் போய்விட்டது. எஸ்டபிள்யூஆர் இப்போது 1.6. கேபிளைப் பிடித்தாலும் முள் அசையவில்லை, ஸ்டீரியோவும் அமைதி. முன்பு இரைச்சலில் மூழ்கிக் கேட்ட ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) இப்போது தெளிவாகத் திறக்கிறது. 1.6ஐ இன்னும் குறைக்க வேண்டுமா?

#15 வான்கம்பி

வேண்டாம். திரும்பி வருவது ஐந்து சதவீதம். கேபிளைப் பிடித்தபோது முள் அசையவில்லை என்றீர்களே, எனக்கு அதுதான் முக்கியம். மின்னோட்டம் கூரையில் நிற்கிறது.

#16 மூன்றாம்கியர்

நானும் காந்தத்தை எடுத்துவிட்டு டிக்கி ஓரத்தில் திருகு கடிக்கும் மவுண்ட் வைத்தேன், டிக்கி மூடிக்கும் பானெட்டுக்கும் பட்டை போட்டேன். எஸ்டபிள்யூஆர் 1.2இலிருந்து 2.6க்கு ஏறிவிட்டது. ஐயா சொன்னது நினைவில் இருந்ததால் பயப்படவில்லை. மைக்கில் சுரீர் இல்லை. அடியில் போடும் காயில் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

#17 வான்கம்பி

2.6 என்றால் மொத்தத் தடை 19 ஓம் அளவில். 50 ஓமுக்குக் கொண்டுவர அடியில் சுமார் 39 ஓம் வேண்டும், 7.1இல் அது 0.9 மைக்ரோஹென்றி. 25 மி.மீ. குழாயில் தடித்த செப்புக் கம்பியை இடைவெளி விட்டு எட்டு ஒன்பது சுற்றுச் சுற்றுங்கள். சுற்றுகளை நெருக்கியும் விரித்தும் சரிசெய்யலாம். கம்பியை முன்பைவிடக் கொஞ்சம் குட்டையாக்க வேண்டியிருக்கும், இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். சைலன்சரைக் கட்டியபிறகு மறுபடி அளந்து பாருங்கள், தடை இன்னும் இறங்கினால் காயிலையும் குறைக்க வேண்டி வரும்.